மணி இல்லாத திரை

"மணியவே அழிச்சுப்போட்டான் கண்ணு, எவனோ ஒரு புண்ணியவான்."

பெருந்துறை ரோட்டில் போய்க்கொண்டிருந்த டவுன் பஸ்ஸில், பின் சீட்டிலிருந்து ஒரு பெண் குரல் இப்படிச் சொன்னது. முன் சீட்டில் இருந்த நாச்சிமுத்து திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்தில் இருந்தவள் ஏதோ கேட்டாள். கம்பெனியில் கொடுத்திருக்கும் போனைப் பற்றித்தான் பேச்சு. இருவரும் மசாலா கோடவுனில் பொட்டலம் போடுகிறவர்கள். பதினைந்து நாளாக அந்தப் போனில் மணியும் தெரிவதில்லை, சார்ஜும் தெரிவதில்லை, எப்போது சோற்றுக்கு விடுவார்கள், எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று ஒரு நிதானமும் இல்லை என்று அந்தக் குரல் விளக்கியது. கடைசியில், அந்தப் புண்ணியவானுக்கு அவன் பொண்டாட்டி ஒரு நாளும் நேரத்துக்குச் சோறு போடாமல் போகட்டும் என்று வாழ்த்தியது. இருவரும் சிரித்தார்கள்.

நாச்சிமுத்துவுக்குக் காது மடல் சுட்டது. அந்தப் புண்ணியவான் அவர்தான். இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, வெயிலில் விடுவிடுவென்று நடந்தார்.

அவருக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடம் ஆப்செட் மெஷின் ஓட்டியவர். பிரஸ்ஸை மூடிய பிறகு, பெயின்ட் கடை மாடியில் ஷமீமா டீச்சரிடம் ஆப் செய்யக் கற்றுக்கொள்ள வந்தார். டீச்சருக்கு முப்பத்தொன்றுதான். கற்றுக்கொள்ளும் ஒன்பது பேரில் மற்ற எட்டுப் பேரும் நாச்சிமுத்துவின் மகள் வயதுக்காரர்கள். சுற்றுவட்டாரக் கம்பெனிகளுக்கு வேண்டிய ஆப்களை அங்கே செய்துகொடுப்பார்கள். டீச்சர் அதிகம் பேசமாட்டார். அவரிடம் கேள்வி கேட்டால் பதில் கிடைக்காது, வேலைதான் கிடைக்கும் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள்.

மசாலா கோடவுனுக்கான ஆப், நாச்சிமுத்து தனியாகச் செய்த முதல் வேலை. எந்தப் பொட்டலம், எத்தனை கிராம், எந்தப் பெட்டி என்று போனில் வரும். பொட்டலத்தைப் போட்டு, பார்கோடை ஸ்கேன் செய்தால் அடுத்தது வரும். நாற்பது பெண்களுக்கும் நாற்பது போன். அதைச் செய்து கொடுத்த அன்று அவர் வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

அந்த ஆப்பைத்தான் பஸ்ஸில் திட்டினார்கள்.

மாடிப்படி ஏறும்போதே ஆத்திரம் தலைக்கு ஏறியிருந்தது. டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பழைய போனைக் கழற்றிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து பஸ்ஸில் கேட்டதைச் சொன்னார். சாபத்தையும் விடாமல் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. நாள் பூராவும் உட்கார்ந்து, எழுத்துப் பெரிதாக, கண்ணுக்கு நோகாமல், படிக்காதவர்கூடப் புரிந்துகொள்கிற மாதிரி செய்து கொடுத்ததற்கு இதுதானா கூலி என்றார்.

"வேலை செய்யற எடத்துல மணி எதுக்குங்க டீச்சர்? மணியப் பாத்துட்டே இருந்தா கை எப்படி ஓடும்?"

டீச்சர் ஒரு திருகாணியை எடுத்து மூடியில் போட்டார்.

"மேனேஜர் என்ன கேட்டாரு?"

மேனேஜர் கேட்டது வேறு. திரையின் உச்சியில் மணி, டவர், சார்ஜ் காட்டும் பட்டை இருக்கிறதல்லவா, அதைப் பெண்கள் கீழே இழுத்து இழுத்து மெசேஜ் பார்க்கிறார்கள், இழுக்க முடியாமல் செய்யுங்கள் என்றுதான் கேட்டார். பட்டையையே எடுத்தது நாச்சிமுத்து.

"ஏன் எடுத்தீங்க?"

நாச்சிமுத்து உற்சாகமாகவே விளக்கினார். பிரஸ்ஸில் தாள் வெளியே வரும்போது, ஓரத்தில் வண்ணக் கட்டங்களும் கூட்டல் குறிகளும் அச்சாகியிருக்கும். அதெல்லாம் மெஷின்காரனுக்கு. படிக்கிறவனுக்கு அல்ல. கட்டிங்கில் வெட்டி எறிந்துவிடுவார்கள். இந்தப் பட்டையும் அதே மாதிரிதான். சின்னச் சின்னக் குறி, மூலையில் ஒரு நம்பர். வெட்டி எறிந்ததும் திரை எப்படித் துலக்கமாகிவிட்டது. மேனேஜரே பார்த்துவிட்டு, இது இன்னும் நல்லாருக்கே என்றார்.

"எத்தனை வரி எழுதினீங்க?"

"ரெண்டே வரிங்க."

டீச்சர் தலையசைத்தார். பிறகு, "நாளைக்குக் காலையில கோடவுனுக்கு வந்துருங்கண்ணா. லேப்டாப்பும் எடுத்துக்கங்க" என்றார்.

"எதுக்குங்க டீச்சர்?"

"பொட்டலம் போட."

இன்னும் நான்கு கோடவுன்களுக்கு அதே ஆப் வேண்டும் என்று மேனேஜர் கேட்டிருந்தார். அதற்கு முன் வேலை நடப்பதை ஒரு நாள் கூட இருந்து பார்க்க வேண்டும் என்று டீச்சர் போன் செய்ததும், தாராளமாக வாங்க என்றார்.

காலையில் கேட்டிலேயே வாட்ச்மேன் ஒரு பிளாஸ்டிக் தட்டை நீட்டினார். உணவுப் பொருள் புழங்கும் இடம். வளையல், மோதிரம், வாட்ச், சொந்தப் போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. நாச்சிமுத்து வாட்சைக் கழற்றி வைத்தார். டீச்சரும் கழற்றி வைத்தார். லேப்டாப் பை வாட்ச்மேன் மேசையிலேயே இருந்தது. தலைக்குத் தொப்பி, மேலே ஏப்ரன், கழுத்தில் கம்பெனிப் போன்.

உள்ளே பகலா இரவா என்று தெரியாது. தூசி வராமலிருக்க ஜன்னல்களையெல்லாம் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். டியூப்லைட் வெளிச்சம். அரவை மெஷின் சத்தம். மிளகாய் நெடி. மூலையில் மேனேஜருக்கு ஒரு கண்ணாடி அறை. நாச்சிமுத்துவை நான்காவது வரிசையில் உட்கார வைத்தார்கள். டீச்சர் கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

"ஏனுங்க, புதுசுங்களா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "ஆம்பளையெல்லாம் இங்க உக்கார வெக்க மாட்டாங்களே."

நாச்சிமுத்துவுக்கு முதுகு நிமிர்ந்தது. பஸ்ஸில் கேட்ட குரல். ஐம்பது வயதிருக்கும். பெயர் பழனாத்தாள் என்று அவளே சொன்னாள். போனைச் சோதிக்க வந்திருப்பதாக நாச்சிமுத்து முணுமுணுத்தார். யார் செய்த ஆப் என்று சொல்லவில்லை.

"சோதிங்க, நல்லாச் சோதிங்க" என்றாள் அவள். அவள் கை நிற்கவே இல்லை.

முதல் நூறு பொட்டலம் வரைக்கும் நாச்சிமுத்துவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. 'கொத்தமல்லித் தூள் 100 கிராம்' என்ற தலைப்பு, அவர் வைத்தபடியே, திரையின் உச்சி விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. எங்கேயும் ஒரு அழுக்கு இல்லை.

பிறகு கண் எரிந்தது. பிறகு இடுப்பு பிடித்தது. ரொம்ப நேரம் ஆகியிருக்க வேண்டும். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். வாட்ச் இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. திரையின் உச்சியைப் பார்த்தார். கொத்தமல்லித் தூள் 100 கிராம்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி பார்த்தார். கொத்தமல்லித் தூள் 100 கிராம்.

"என்ன மணி இருக்குங்க?" என்று பழனாத்தாளிடம் கேட்டார்.

அவள் அவரை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

"எனக்கு இன்னும் முட்டி வலிக்கல. அதனால பதினொண்ணு ஆகல."

அவர் விழித்தார். அவள் ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னாள். அவளுக்கு முட்டி குத்தினால் பதினொன்று. பின் வரிசையில் ஒருத்திக்குச் சர்க்கரை, அவளுக்குக் கை நடுங்கினால் பன்னிரண்டு. மேனேஜரிடம் போய்க் கேட்டால், எத்தனை பாக்கி இருக்கிறது என்று திருப்பிக் கேட்பார். போன வாரம் அவள் போன் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்து போய், போட்ட அறுபது பொட்டலத்தையும் திரும்ப ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். சார்ஜ் தீர்ந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

"முந்தியெல்லாம் ஒரு மணிக்குச் சோத்துக்கு விட்டாகணும். எல்லாரு போன்லயும் ஒரு மணின்னு காட்டும். அந்தாளு என்ன பண்ண முடியும்? இப்ப அவரா மனசு வந்து பொத்தான அமுக்குனாத்தான் ஒரு மணி." பழனாத்தாள் ஒரு பொட்டலத்தைப் பெட்டிக்குள் எறிந்தாள். "நேத்து விட்டப்ப என்ற சோறு ஊசி நூல் விட்டுப் போச்சு."

நாச்சிமுத்து அடுத்த பொட்டலத்தை எடுத்தார். அவள் பொய் சொல்கிறாள் என்று நினைக்க விரும்பினார்.

திரையில் 'உணவு இடைவேளை' என்று வந்தபோது அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சோற்றை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார். டீச்சர் எதிரில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். அதுவும் நாச்சிமுத்துவுக்குக் கோபமாக வந்தது.

இப்போது மிளகாய்த் தூள். மறுபடி ஸ்கேன்.

எவ்வளவு நேரம் ஆனதோ, முன் வரிசையில் ஒரு இளம்பெண் அடிக்கடி நெளிந்தாள். கையை மார்புக்குக் குறுக்கே வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு பொட்டலத்தை எடுத்தாள். மறுபடி அழுத்திக்கொண்டாள்.

"கோகிலவாணி" என்றாள் பழனாத்தாள், நாச்சிமுத்துவின் பார்வையைக் கவனித்து. குரலில் கேலி இல்லை. "ஆறு மாசக் கொழந்தை. நாத்தனா மூணு மணிக்குக் கேட்டுக்கு எடுத்துட்டு வருவா. பால் குடுத்துட்டு வரலாம்னு பேச்சு."

"அவங்களுக்கு மணி எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டார் நாச்சிமுத்து.

"பால் கட்டுனா மூணு" என்றாள் பழனாத்தாள். அதற்குமேல் அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவராலும் அவளைப் பார்க்க முடியவில்லை.

கோகிலவாணி எழுந்து கண்ணாடி அறைக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. அதே சமயம் அரவை மெஷினும் நின்றிருந்தது. அதனால் எல்லோருக்கும் கேட்டது.

"சார், மூணு ஆயிருச்சுங்க. பையன் வந்திருப்பான்."

மேனேஜர் நல்ல மனிதர் போலத்தான் பேசினார்.

"மூணு ஆயிருச்சுன்னு ஆரு சொன்னா அம்மணி?"

அவள் குனிந்து தன் ஏப்ரனைப் பார்த்தாள். மார்பில் இரண்டு இடத்தில் துணி நனைந்து கறுத்திருந்தது. கையால் மறைத்துக்கொண்டாள்.

"மணி ஆனா நானே கூப்புட மாட்டனா? போ. எத்தனை பாக்கி இருக்குதுன்னு பாரு."

அறைக்குள் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. மேனேஜர் நாற்காலியிலிருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற சுவர்.

கோகிலவாணி திரும்பி வந்து உட்கார்ந்தாள். நாற்பது பேரின் கைகளும் ஒரு கணம் நின்றன. அவள் ஒரு பொட்டலத்தை எடுத்து, ஒட்டி, ஸ்கேன் செய்தாள். திரையில் அடுத்தது வந்தது. மற்றவர்களின் கைகளும் ஓடத் தொடங்கின.

நாச்சிமுத்து எழுந்துவிட்டார். தொப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே போனார். பின்னாலேயே டீச்சர் வந்தார்.

கேட்டருகே தகரக் கொட்டகையில், ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. மேனேஜர் உள்ளேயிருந்து சொன்னால்தான் ஆளைக் கூப்பிட முடியும் என்று வாட்ச்மேன் யாரையும் பார்க்காமல் சொன்னார். அவருக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தில் மூன்று பன்னிரண்டு.

நாச்சிமுத்து வெடித்துவிட்டார். மேனேஜரை அட்டை என்றார், ரத்தம் குடிக்கிறவன் என்றார், அந்தக் கண்ணாடி அறையை உடைத்து நொறுக்குகிறேன் என்றார். நாற்பது பேர் இருக்கிறார்கள், ஒருத்திக்குக்கூட வாய் இல்லையா என்றார். அந்தப் பெண் எதற்காகத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள், நேரே கேட்டுக்கு வந்திருக்க வேண்டாமா என்றார். வாட்ச்மேனையும் விடவில்லை. கடைசியில் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"நீங்களுந்தான் பாத்தீங்க. கம்பெனிக்குக் குடுக்கறதுக்கு முந்தி உங்க கையிலதான் குடுத்தேன். பாத்துட்டு நல்லாருக்குன்னீங்க."

"ஆமாண்ணா."

"பட்டை இல்லீங்கறது தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

டீச்சர் தன் வெறும் மணிக்கட்டைத் தடவினார்.

"அப்ப என் கையில வாட்ச் இருந்துச்சு."

நாச்சிமுத்து வாட்ச்மேன் மேசையிலிருந்து பையை இழுத்து, லேப்டாப்பைத் திறந்தார். நின்றபடியே தேடி அந்த இரண்டு வரிகளைக் கண்டுபிடித்தார். அழித்தார். பட்டையைக் கீழே இழுக்க முடியாதபடி செய்ய வேறொரு வழி இருந்தது. அதை எழுதினார். முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது. ஆக மூன்று நிமிஷம் பிடித்தது. திருத்திய ஆப் தயாராகட்டும் என்று பில்டுக்குக் கொடுத்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகரத் தொடங்கியது.

மேனேஜர் கத்துவார் என்று அவருக்குத் தெரியும். மற்ற நான்கு கோடவுன் வேலையும் கைவிட்டுப் போகும். போகட்டும் என்றார்.

குழந்தை மூச்சுக்காக நிறுத்தியது. மறுபடி தொடங்கியது.

"இருபது நிமிஷம் ஆகுமுங்க டீச்சர்" என்றார் நாச்சிமுத்து. பச்சைக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாப்பது போனுக்கும் தானாப் போயிரும். என்ற தப்ப நானே சரி பண்ணிட்டேன். இதுக்கு மேல நான் என்ன பண்ணட்டும்?"

டீச்சர் கொட்டகையைப் பார்த்தார். பிறகு கோடவுன் கதவைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு இன்னும் உள்ளதான் இருக்குதுண்ணா."

நாச்சிமுத்து லேப்டாப்பை அப்படியே விட்டார். பிளாஸ்டிக் தட்டில் கையை விட்டுத் துழாவித் தன் வாட்சை எடுத்தார். வாட்ச்மேன் தடுக்க எழுந்தார். டீச்சர் அவருக்குக் குறுக்கே போய் நின்றார்.

நாச்சிமுத்து தொப்பி இல்லாமல், செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனார். வரிசைகளுக்கு நடுவில் நின்று, அரவை மெஷின் சத்தத்துக்கு மேலே, நாற்பது பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மணி மூணு இருபத்தொண்ணு."

கண்ணாடி அறைக் கதவு திறந்தது. மேனேஜர் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். முன் வரிசையில் கோகிலவாணி எழுந்து ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். நாச்சிமுத்து வாட்சையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று இருபத்திரண்டு ஆனதும் அதையும் சொன்னார்.